வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்: நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த நாளில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. மகனோ மகளோ அதைப் படித்துவிட்டு, நோயாளியின் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறார்கள். மாமாவுக்கு ஒரு போன், சித்தப்பாவுக்கு ஒரு போன். இரவுக்குள் ஏழெட்டு ஆஸ்பத்திரிகளின் பெயரும், இரண்டு மூன்று நாட்டு வைத்தியர்களின் முகவரியும் வந்து சேர்ந்துவிடுகின்றன. எல்லோரும் கடைசியில் சொல்வது ஒரே வார்த்தை: "தைரியமா இருங்க." எதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

பிடித்துக்கொள்ள நான்கு விஷயங்கள் உண்டு. நோயைப் பற்றிய சரியான தகவல், வலி தணியும் என்ற உறுதி, செலவுக்கு ஒரு வழி, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆட்கள். இவை சேரச் சேர வீட்டில் பயம் குறைகிறது, நம்பிக்கை வளர்கிறது. நோய் முழுதாகக் குணமாகும் வீட்டுக்கும் இது பொருந்தும்; குணமாகாத வீட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொன்றையும் எப்படித் தேடிக்கொள்வது என்று பார்ப்போம்.

முதல் சில நாட்கள்

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடணும்" என்ற அவசரம் இயல்பானது. ஆனால் பெரும்பாலான கட்டிகள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வளர்ந்து வந்தவை. எந்த வகைப் புற்றுநோய், எந்த ஸ்டேஜ் என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கெடுதல் வராது. வேகமாக முற்றும் சில ரத்தப் புற்றுநோய்கள், முதுகுத்தண்டை அழுத்தும் கட்டி, மூச்சுப்பாதையை அடைக்கும் கட்டி போன்றவை விதிவிலக்கு. அங்கே மணிக்கணக்கே முக்கியம். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை நாள் பொறுக்கலாம்?" என்பதுதான். அந்தப் பதில் தெரிந்தால், அவசரப்பட வேண்டிய இடத்தில் அவசரப்படலாம். நிதானிக்க வேண்டிய இடத்தில் நிதானிக்கலாம்.

டாக்டர் அறைக்குள் போனதும் பாதிக் கேள்வி மறந்துபோகும். வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இருவராகப் போவது நல்லது: ஒருவர் பேச, மற்றவர் குறித்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியவை இவை:

- இது எந்த வகை? எந்த ஸ்டேஜ்? வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா?
- சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, நோயைக் கட்டுக்குள் வைப்பதா, தொந்தரவைக் குறைப்பதா?
- ஆபரேஷன், கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) என்று எது முதலில், எது பிறகு? மொத்தம் எத்தனை மாதம் ஆகும்?
- என்ன பக்கவிளைவு வரும்? எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும்?
- இந்தச் சிகிச்சையை எடுக்காவிட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது கேள்வியைப் பல குடும்பங்கள் கேட்பதே இல்லை. பயத்தினால் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் கையில் இருக்கும் பணத்தையும் நோயாளியின் உடம்புத் தெம்பையும் எங்கே செலவிடுவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. அப்படிப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்ஸி எடுத்த ஆய்வகத்திலிருந்து கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டால், மறுபடியும் ஊசி குத்தாமலே அங்கே ஆய்வு செய்துபார்க்க முடியும்.

"ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பேச்சை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக் கெட்டவர்கள் உண்டு. எந்த இடத்தில், எந்த வழியில் திசு எடுக்க வேண்டும் என்பதற்கு முறைகள் உள்ளன. முறைப்படி எடுத்தால், பயாப்ஸியால் நோய் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது இல்லாமல் எந்த மருந்து என்று தீர்மானிக்கவும் பெரும்பாலும் முடியாது. அதுபோலவே, புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை என்று நோயாளியை ஒதுக்கிவைப்பது அவருக்குச் செய்யும் பெரிய கொடுமை.

அவரிடம் சொல்லலாமா?

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க." புற்றுநோய் டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சொல்பவரின் அன்பைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. ஆனால் நடப்பது என்ன? முடி கொட்டுகிறது, வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுகிறார், சுவரிலேயே துறையின் பெயர் எழுதியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் வருத்தப்படக் கூடாது என்று அவரும் தெரியாததுபோல இருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சுமக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியிடமே கேட்கலாம். "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுப்பா? இன்னும் விவரமா தெரிஞ்சுக்கணும்னு இருக்கா, இல்ல அதை நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருங்கள். சிலர் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள். சிலர், "நீயே பார்த்துக்கப்பா" என்பார்கள். இரண்டுமே அவர் உரிமை. ஆனால் கேட்காமலே நாம் தீர்மானிப்பது நியாயம் ஆகாது. நிலம் யார் பேருக்கு, மகள் கல்யாணம் எப்போது, யாரிடம் கொடுத்த பணம் திரும்பி வர வேண்டும் என்று அவர் மட்டுமே முடிக்கக்கூடிய காரியங்கள் இருக்கும். அதற்கான நேரத்தை அவரிடமிருந்து நாம் பறித்துவிடக் கூடாது.

பொய்யான உறுதியும் கொடுக்க வேண்டாம். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்பதைவிட, "என்ன வந்தாலும் நாங்க கூடவே இருப்போம்" என்பது பலமடங்கு தெம்பு தரும். முதலாவதை நோயாளி நம்ப மாட்டார். இரண்டாவதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்ப்பார்.

எண்களை எப்படிப் படிப்பது?

நோயின் பெயர் தெரிந்த அன்றே யாராவது ஒருவர் செல்போனில் தேடி, "இத்தனை மாசம்தானாம்" என்ற எண்ணோடு நிற்பார். அந்த எண் பெரும்பாலும் ஒரு நடு எண். நூறு பேரை அவர்கள் வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் வாழ்ந்த காலம் அது. பாதிப் பேர் அதற்குமேல் வாழ்ந்திருக்கிறார்கள். சிலர் பல வருடங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ல், வயிற்று உட்சவ்வில் வரும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு அன்று புத்தகத்தில் இருந்த நடு எண் எட்டு மாதம். புள்ளிவிவரத்தோடு பழகியவர் என்பதால், அந்த எட்டு மாதம் தனக்கு விதிக்கப்பட்ட கெடு அல்ல என்று அவருக்குப் புரிந்தது. வயது, நோய் கண்டறியப்பட்ட கட்டம், கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைக் கணக்கிட்டு, நடு எண்ணைத் தாண்டிப்போகும் பாதியில் தானும் இருக்கக்கூடும் என்று கண்டார். சிகிச்சை எடுத்துக்கொண்டார். இருபது வருடம் கழித்து, 2002ல், வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு எண்ணைப் பார்த்து ஒருவரின் ஆயுளை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அவர் வாழ்க்கை போதுமான சாட்சி.

எண்கள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு, 1960களின் தொடக்கத்தில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நாட்பட்ட ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு 2001ல் இமாடினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு பலரும் வேலைக்குப் போய்வரும் நோயாக அது மாறியது. இந்தியாவில் அந்த மருந்தின் புது வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. 2006ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில் அங்கும் மறுக்கப்பட்டது. அதனால்தான் இங்கே அந்த மாத்திரையைப் பல நிறுவனங்கள் குறைந்த விலைக்குத் தயாரித்து விற்க முடிகிறது.

ஆகவே டாக்டரிடம் "எத்தனை மாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "எல்லாம் நல்லபடியா போனா எப்படி இருக்கும்? சரியில்லாம போனா எப்படி இருக்கும்? எங்க அப்பா விஷயத்துல எது நடக்க அதிக வாய்ப்பு?" என்று மூன்றாகக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்களால் நல்லதை எதிர்பார்த்துக்கொண்டே மோசமானதற்கும் தயாராக இருக்க முடியும்.

வலிக்கு மருந்து உண்டு

"புற்றுநோய்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கணும்" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது சரியல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வெளியிட்டுவிட்டது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, அதற்குமேல் வீரியமானவை, கடுமையான வலிக்கு மார்ஃபின். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுத்து வலி வராமல் பார்த்துக்கொள்வதே இந்த முறையின் உயிர்நாடி.

மார்ஃபின் என்றதும் இரண்டு பயங்கள் வரும். பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. கடைசி நேரத்தில்தான் கொடுப்பார்கள், அதனால் கொடுத்தாலே முடிந்தது என்பது மற்றது. வலிக்காக, டாக்டர் கண்காணிப்பில், அளவோடு எடுத்துக்கொள்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. வலி இருக்கும் காலம் முழுவதும், மாதக்கணக்கில்கூட இதை எடுக்கலாம். வலி குறைந்தால் டாக்டர் மெல்லக் குறைத்து நிறுத்துவார். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து எழுதச் சொல்லுங்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இந்தியாவில் அபின் பயிராகிறது. ஆனாலும் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடித்தவர்களுக்கு மார்ஃபின் எட்டாமலே இருந்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2014ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. 1993ல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய சிறு முயற்சி, பிறகு கேரளத்தின் பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் இயக்கமாகப் பரவியது.

வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் இந்த மருத்துவத்துக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். 'பாலியேட்டிவ்' என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் இடிந்துபோகின்றன. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பரவிய நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2010ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் நடு ஆயுள் 11.6 மாதம், அதைப் பெறாதவர்களுக்கு 8.9 மாதம். ஆகவே கீமோ நடக்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள். "பாலியேட்டிவ் டாக்டரையும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்பது எந்தக் கட்டத்திலும் தவறில்லை.

பணத்துக்கு வழி

நோயைவிடச் செலவு பற்றிய கவலைதான் பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது. நகையை அடகுவைக்கும் முன், நிலத்தை விற்கும் முன், என்னென்ன உதவி கிடைக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். பல வகைப் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் இதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பணத்தைக் கட்டி ஆபரேஷனை முடித்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். சேரும்போதே காப்பீட்டு மேஜையில் அட்டையைக் காட்டி, முன் அனுமதி வந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருப்பார். எந்த அறக்கட்டளை உதவும், வெளியூர்க்காரர்கள் குறைந்த வாடகையில் எங்கே தங்கலாம், எந்த மருந்து எங்கே மலிவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் நாளிலேயே அவரைத் தேடிப் பாருங்கள்.

வசதியில்லாதவர்களுக்கும் தரமான சிகிச்சை என்பது நம் ஊரில் யாரோ போட்ட பிச்சை அல்ல. அது ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை அவர் மறக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக அதே எண்ணத்தோடு இருந்து, 1954ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்து 2021ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தார்கள். பணம் இல்லை என்பதால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் நோயாளியின் வேலை முழுவதும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அது பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மருந்து, சாப்பாடு, பாத்ரூம், ஆஸ்பத்திரி, ராத்திரி விழிப்பு எல்லாம் அவருக்கே. சில மாதத்தில் அவருக்கு முதுகுவலி வரும், தூக்கம் போகும், நோயாளியின் மேலேயே எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சியும் வரும். இது அன்புக் குறைவு இல்லை. உடம்பும் மனமும் களைத்துப்போயிருப்பதன் அடையாளம்.

இதற்கு மருந்து வேலைப் பங்கீடுதான். குடும்பம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார், மருந்து வாங்குவது யார், கணக்கும் காகிதமும் யார் பொறுப்பு, வாரத்தில் எந்த இரண்டு இரவுகளில் அவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பேர் போட்டு எழுதிவையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் மட்டும்தான் அனுப்ப முடியும் என்பதில்லை. தினமும் அப்பாவோடு அரைமணி நேரம் வீடியோவில் பேசினால், இங்கே இருப்பவருக்கு அந்த அரைமணி ஓய்வு.

வீட்டோடு படுத்துவிட்டவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மனம் கனத்துப் பேச ஆள் இல்லாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளிக்கு மட்டுமான எண் அல்ல அது, பார்த்துக்கொள்பவரும் பேசலாம். அதே நோயைக் கடந்துவந்த இன்னொரு குடும்பத்தோடு பேச முடிந்தால் அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. அப்படி யாராவது இருக்கிறார்களா என்று வார்டு நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அம்மா அழுவதை, வீட்டில் குரல் தணிவதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால், தான் அடம்பிடித்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று அதுவாக ஒரு காரணம் கட்டிக்கொள்ளும். வயதுக்கு ஏற்ற சொல்லில் நான்கைச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு இன்ன நோய், டாக்டர்கள் மருந்து கொடுக்கிறார்கள், இது உன்னால் வந்ததில்லை, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் ஏற்பாடு செய்திருக்கிறோம். பள்ளி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முடிந்தவரை பள்ளி, விளையாட்டு, தூங்கும் நேரம் மாறாமல் இருக்கட்டும்.

உறவும் அக்கம்பக்கமும்

பார்க்க வருபவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் "என் ஓர்ப்படிக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த வீடு இரண்டு நாள் எழுந்திருக்காது. "எந்தப் பாவம் பண்ணினீங்களோ" என்பது அதைவிடக் கொடியது. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், "என்ன சொல்றதுன்னே தெரியலக்கா, ஆனா நான் இருக்கேன்" என்று சொன்னாலே போதும்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. "செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு நான் கொண்டுவர்றேன்", "பையனை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன்", "நாளைக்கு உங்க அப்பாவுக்கு ரத்தம் கொடுக்க நான் வர்றேன்" என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுக்கக் கூச்சப்படுபவரும் ஏற்றுக்கொள்வார்.

கீமோ நடக்கும் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் போன் பேசினால் போதும், நேரில் வர வேண்டாம். நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி ஆனாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டிலும் வீட்டில் சண்டை வரும். வாய் கசக்கும், வாசனை குமட்டும். ஒரு தட்டுச் சோற்றைத் திணிப்பதைவிட, அவருக்குப் பிடித்ததை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பருப்பு, முட்டை, மீன், தயிர் எதையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். வேறு கசாயமோ மூலிகையோ கொடுப்பதானால், கீமோவோடு அது மோதக்கூடும் என்பதால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "கீமோவை நிறுத்திட்டு வாங்க, நூறு சதவீதம் குணமாக்கறேன்" என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குணமாகாது என்று தெரிந்த பிறகு

எல்லாம் செய்தும் சில நோய்கள் அடங்குவதில்லை. அப்போது டாக்டர், இனி கீமோ கொடுத்தால் நன்மையைவிடத் துன்பம்தான் அதிகம் என்று சொல்லக்கூடும். "அப்போ அவ்வளவுதானா?" என்று வீடு உடையும் இடம் இது.

அந்தக் கட்டத்திலும் எதிர்பார்க்க நிறைய இருக்கிறது. எதிர்பார்ப்பின் உருவம்தான் மாறுகிறது. வலியில்லாமல் தூங்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். பேத்தியின் பிறந்தநாளைப் பார்க்க வேண்டும். பேசாமல் இருக்கும் தம்பியோடு பேசிவிட வேண்டும். நோயாளியிடமே கேளுங்கள்: "இப்போ உங்களுக்கு எது முக்கியம்ப்பா? எது நடந்தா நிம்மதியா இருக்கும்? எது வேண்டாம்னு நினைக்கிறீங்க?" கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவும் சுவாசக் கருவியும் வேண்டுமா வேண்டாமா என்பதை அவசர நேரத்தில் பதறிக்கொண்டு முடிவெடுக்காமல், அவர் தெளிவாகப் பேசும்போதே அவர் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த முடிவுக்காக ஒருவரை ஒருவர் குறைசொல்ல வேண்டியிருக்காது.

"இன்னும் ஏதாவது செஞ்சிருக்கலாமோ" என்ற கேள்வி, போன பிறகு எல்லா வீட்டிலும் வரும். அவருக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டோம், உண்மையை மறைக்கவில்லை, கேட்டதை முடிந்தவரை செய்தோம், ஒரு நாளும் தனியாக விடவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்த குடும்பம் அந்தக் கேள்விக்கு மெல்ல மெல்லப் பதில் கண்டுவிடும்.

இந்த வேலைகள் எதற்கும் நோய் முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றே ஒரு நோட்டை எடுத்து டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதலாம். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்துவைக்கலாம். வாரத்தில் எந்த இரவு யார் விழித்திருப்பது என்று முடிவுசெய்யலாம். நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நம் கையில் இல்லை. நோயாளி வலியோடும் பயத்தோடும் தனியாக இருக்க மாட்டார் என்பது மட்டும் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.